ஒற்றுமையும் கட்டுப்பாடும் யாருக்கு?

சீருடை போட்டவனுக்குச் சாதி கிடையாதாம். ஒரு சுதந்திர தினத்தன்று கல்லூரி மேடையில், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர்தான். நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கீழே காக்கியில் உட்கார்ந்திருந்த என்.சி.சி. பிள்ளைகள் கை தட்டினார்கள். அதில் நம் பிள்ளைகளும் உண்டு. நம் பிள்ளைகள் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்காதீர்கள். கடைசி வரிசையைப் பார்த்தால் தெரியும்.

எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அதற்குள் இதைச் சொல்லி முடிக்க முடியாது. சொல்லியிருந்தால் மறுபடி கூப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

2005ஆம் வருஷம், ஆகஸ்டு 15, திங்கட்கிழமை. நான் ஒன்பதாம் வகுப்பு. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனிப் பையன். என்.சி.சி.யில் சேர்ந்தது நாட்டுப்பற்றினால் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் பூரி. வாரத்தில் பரேடு முடிந்ததும் பூரியும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட நாலு பூரி. எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் பூரி கிடையாது. அடுத்தது பூட்ஸ். பள்ளிக்கூட ஸ்டோரில் இருந்து கொடுப்பார்கள், வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுக்கணும். எனக்குக் கிடைத்தது ஒரு நம்பர் பெரிசு. முன்னால் துணியை அடைத்துக்கொண்டேன்.

பூட்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாகப் போனால் கால்மணி நேரம். கண்மாய்க்கரை சுற்றிப் போனால் முக்கால்மணி. நாங்கள் கண்மாய்க்கரைதான். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக அப்பாவுக்கு மனசில்லை, காலில் போட்டுக்கொண்டு போக ஊருக்கு மனசில்லை. ஆகவே கண்மாய்க்கரை. சட்டம் எல்லாம் இருக்கிறது தோழர்களே, 1955இலேயே தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள், 1989இல் வன்கொடுமைச் சட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்த்தெருவின் நீளம் அரை மைல்கூட வராது. அந்த அரை மைலைச் சட்டத்தால் கடக்க முடியவில்லை.

பரேடு அன்றைக்கு விடிகாலையில் அம்மா பூட்ஸை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தது. "அங்க போயிப் போட்டுக்கய்யா." நான் கேட்கவில்லை. முந்தின நாள் ராத்திரி பத்து மணிவரை பாலிஷ் போட்டிருந்தேன். பெல்ட்டின் பித்தளையைப் பிராசோ போட்டுத் தேய்த்ததில் விரல் பச்சையாகிப் போயிருந்தது. தொப்பியில் சிவப்புக் குஞ்சம். பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஊர்த்தெரு வழியாகவே நடந்தேன். லாடம் அடித்த பூட்ஸ். சிமெண்டுத் தெருவில் டக் டக்கென்று சத்தம் எனக்கே பயமாக இருந்தது. திண்ணையில் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "யாருப்பா, போலீசா?" என்றார். நான் நிற்கவில்லை. தெருவைக் கடந்தாயிற்று. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால் சீருடையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அரை மைல் தூரத்துக்கு அது வேலை செய்தது.

பள்ளிக்கூடச் சுவரில் நீல மையில் பெரிசாக எழுதிப் போட்டிருந்தார்கள், 'ஒற்றுமையும் கட்டுப்பாடும்' என்று. என்.சி.சி.யின் முழக்கம் அது. இந்தக் கட்டுப்பாடு என்ற வார்த்தை எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரும் முன்பே தெரியும். காலனியில் பிறந்த எவனுக்கும் தெரியும். ஊர்க் கட்டுப்பாடு. எங்க தாத்தா ஊர்ச் சாவுக்கெல்லாம் பறை அடித்தவர். அப்பாவும் இளவட்டத்தில் அடித்தவர்தான். அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தது. எங்கள் பக்கத்துக் காலனிகளில் மன்றம் வைத்தார்கள், படம் திறந்தார்கள், நீலக்கொடி ஏற்றினார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஊரில் ஒரு பெரிய சாவு. ஆள் வந்தது. அப்பாவும் இன்னும் நாலு பேரும் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரியே ஊர் கூடியது. மறுநாளிலிருந்து கட்டுப்பாடு. வயல் வேலை கிடையாது. கடையில் சாமான் கிடையாது. மாடு மேய்க்கப் பொது இடம் கிடையாது. அப்பா கல்குவாரிக்குப் போனார். பாறையை உடைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். வீட்டில் இருந்த பறையைப் பரணில் போட்டவர், எங்களைத் தொடக்கூட விடவில்லை.

அதனால் 'கட்டுப்பாடு' என்று சுவரில் பார்த்தபோது எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு குழப்பம். இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?

பயிற்சியில் நான் சோடை போகவில்லை. கட்டளை எல்லாம் இந்தியில். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தாஹினே தேக். எங்களுக்கும் அர்த்தம் தெரியாது, ஊர்ப் பையன்களுக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் பூரண சமத்துவம் நிலவியது. என் எட்டு பிசகாது என்று பட்டாளத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஹவில்தார் சொல்லுவார். வடக்கத்தி ஆள், எங்கள் ஊர் விவரம் அவருக்குத் தெரியாது. அவர்தான் என்னைப் பைலட்டுக்கு எடுத்தார். சிறப்பு விருந்தினருக்கு முன்னால் விறைப்பாக நடந்து கொடிமேடைவரை அழைத்துப் போகிற இரண்டு பேருக்குப் பைலட் என்று பெயர். இருபது நாள் ஒத்திகை. கொடி ஏறியதும், விருந்தினரைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப் போய் டீ கொடுக்கிற வேலையும் பைலட்டுக்குத்தான்.

ஏழு மணிக்கு மைதானத்தில் நிற்கிறோம். பெரிய டிரம் அடிக்கிற பையன் வரவில்லை, காய்ச்சல். என்.சி.சி. மாஸ்டர் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். முப்பது, முப்பத்தைந்து பேர் நிற்கிறோம். நேரே என்னிடம் வந்தார்.

"நீ போய் டிரம்மை மாட்டுடா."

"எனக்கு அடிக்கத் தெரியாது சார்."

"உனக்கா தெரியாது? மீன்குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கணுமாக்கும்?"

வரிசை சிரித்தது. சாவ்தானில் நிற்கும்போது இமைகூட அசையக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அத்தனை பேரும் சிரித்தார்கள், ஒருத்தனுக்கும் தண்டனை இல்லை. ஹவில்தார் ஏதோ கேட்டார். மாஸ்டர் அவரிடம் இந்தியில் என்னவோ சொன்னார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். என் இடத்தில் பைலட்டாக ஓர் ஊர்ப் பையன் போய் நின்றான். இடது காலையும் வலது காலையும் அவன் எப்போதும் மாற்றி வைப்பான்.

காய்ச்சல் நிஜம். அந்தப் பையனை நானே மறுநாள் பார்த்தேன். காய்ச்சல்தான் காரணமா, அல்லது அந்த டீ டம்ளர் காரணமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் என்பது மட்டும் தெரியும்.

டிரம்மை மாட்டினேன். வார் தோளை அறுத்தது. பெரிய டிரம் இடது காலுக்கு விழ வேண்டும். இடது, அடி. இடது, அடி. கேட்கச் சுலபம். நடந்துகொண்டே அடிக்கும்போது என் காலுக்கும் கைக்கும் ஒத்துப்போகவில்லை. பத்துத் தப்படிக்குள் அடி வலது காலுக்கு மாறிவிட்டது. பின்னால் வந்த மொத்த அணியும் என் சத்தத்தை வைத்துத்தான் காலை வைக்கணும். பாதிப் பேர் காலை மாற்றத் தத்தினார்கள். பாதிப் பேர் மாற்றவில்லை. மேடைக்கு எதிரே வரும்போது 'தாஹினே தேக்' சொன்னார்கள். தலை எல்லாம் வலதுபக்கம் திரும்பியிருக்கிறது, கீழே கால் எல்லாம் கோழி கிளறினது போல இருக்கிறது. மேடையில் அரிசி ஆலைக்காரர் சல்யூட்டை ஏற்றுக்கொண்டு நிற்கிறார். ஜனங்கள் சிரிக்கிறார்கள்.

கலகம் செய்தேன், வேண்டுமென்றே தாளத்தை உடைத்தேன் என்று எழுதினால் இந்த இதழுக்குப் பொருத்தமாக இருக்கும். அப்படி இல்லை தோழர்களே. எனக்கு நிஜமாகவே அடிக்கத் தெரியவில்லை. ரத்தத்தில் இருக்கிறது என்றார்களே, அது ரத்தத்தில் இல்லை. தாத்தா கற்றுக்கொண்டு அடித்தார். அப்பா கற்றுக்கொண்டு அடித்தார். எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நான் மேளம் தெரியாத பறையன். அப்படி ஒருவன் இருக்க முடியும் என்பதை அந்தப் பள்ளிக்கூடத்தால் நம்ப முடியவில்லை. "வேணும்னுதானடா பண்ணுன?" என்று கேட்டு மாஸ்டர் பிரம்பால் அடித்தார். மரத்துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். மற்றவர்கள் பூரி தின்றார்கள்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது அப்பா தோளைப் பார்த்துவிட்டார். வார் பட்ட தழும்பு அவருக்குத் தெரியாததா? "எதை மாட்டுன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மறுநாள் குவாரிக்குப் போகவில்லை. மன்றத்து ஆள் இரண்டு பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அப்பா ஊர்க்காரர்களைச் 'சாமி' என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது 'சார்' என்றார்.

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டுதான் பேசினார். "ஏம்ப்பா, தேசத்துக்காக அடிக்கிறதுல என்ன கேவலம் இருக்கு? இத சாவு மேளத்தோட சேத்துப் பேசுறியே?"

அப்பா சொன்னார்: "தேசத்துக்கு அடிக்கட்டும் சார். யாரு அடிக்கிறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுங்க. எம் மகன் பேரு விழுந்தா அடிக்கட்டும்."

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். சாதி ஒழிப்பு பற்றி எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன், கூட்டம் பேசிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எங்கப்பா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த வருஷம் ஏ சர்டிபிகேட் முகாமுக்குப் போன பட்டியலில் என் பெயர் இல்லை. சர்டிபிகேட் இருந்தால் போலீஸ் தேர்வில் சிறப்பு மதிப்பெண் உண்டு. எனக்கு அது போயிற்று. ஒழிகிறது.

இப்போது மேடையில் பேசிய பெரியவருக்கு வருகிறேன். சீருடையில் சாதி இல்லையென்றால் சீட்டுக் குலுக்கத் தயாரா?

எங்கள் பள்ளிக்கூடத்தை விடுங்கள், பட்டிக்காடு. இந்த தேசத்திலேயே பெரிய அணிவகுப்பு டில்லியில் ஜனவரி 26இல் நடப்பது. ராஜபாதை என்றிருந்ததை 2022இல் கர்த்தவ்ய பாதை என்று பேர் மாற்றினார்களே, அங்கே. குடியரசுத் தலைவரைச் சூழ்ந்து, சிவப்பும் நீலமுமாகத் தலைப்பாகை கட்டி, குதிரையில் வருவார்கள் பாருங்கள், அது குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆரம்பித்தது. ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவிலிருந்துதான் இதற்கு ஆள் எடுக்கிறோம் என்று 2013இல் இராணுவமே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. ஏன் என்றால், சடங்கு நிகழ்ச்சிகளில் உயரமும் தோற்றமும் ஒரேமாதிரி இருக்கணுமாம். செயல்முறைத் தேவை, சாதிப் பாகுபாடு இல்லை என்று விளக்கம் வேறு.

எங்க மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். அவருக்கும் செயல்முறைத் தேவை. டிரம் அடிக்க ஆள் வேண்டும், அடிக்கிற சாதியிலிருந்து எடுத்தார். கே.ஆர். நாராயணன் 1997இல் குடியரசுத் தலைவர் ஆனார். ராம்நாத் கோவிந்த் 2017இல் ஆனார். இரண்டு பேரும் தலித்துகள். அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்காரலாம். அந்த நாற்காலிக்கு முன்னால் குதிரையேறிப் போகிற வீரனாக ஒரு தலித் பையன் மனுப்போட வழியில்லை. இதற்குப் பெயர் என்ன பெரியவரே?

படைக்கும் நமக்கும் உள்ள கணக்கு பழைய கணக்கு. அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி படையில் சுபேதார். அவர் 1891இல் பிறந்ததே மாவ் இராணுவக் குடியிருப்பில். படையில் இருந்ததால்தான் அந்தக் குடும்பத்துக்கு எழுத்து வந்தது. வெள்ளைக்காரன் 1890களில் வீரச்சாதி, வீரமில்லாச் சாதி என்று பிரித்து மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினான். சண்டை வந்ததும் நம் வீரம் அவன் கண்ணில் பட்டுவிட்டது. 1941இல் மகர் ரெஜிமெண்ட். 1943இல் சமார் ரெஜிமெண்ட். சண்டை முடிந்தது, 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டான். சாகிறதற்கு ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்திருக்கிறது.

கொடி விஷயத்துக்கு வருவோம். நான் டிரம் மாட்டிய அதே 2005 ஆகஸ்டு 15 அன்று, எங்கள் மதுரை மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற மூன்று ஊராட்சிகளில் தலைவரே கிடையாது. விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் கிடையாது. 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கியதிலிருந்து 2006வரை பத்து வருஷம் தேர்தல் நடக்கவிடவில்லை. யாரும் மனுப்போட முடியாது. மீறிப் போட்டு வந்தவரையும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அங்கேயும் ஒற்றுமை இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. எங்கள் மேலூர்ப் பக்கம் மேலவளவில் மீறி நின்று ஜெயித்துத் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30இல் பஸ்ஸை மறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். எனக்கு ஆறு வயது. ஒரு வாரம் எங்களைக் கண்மாய்க்கரைக்குக்கூட விடவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையும் செய்துவிட்டார்கள்.

அது அந்தக் காலம் என்பீர்கள். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், 2020 ஆகஸ்டு 15 அன்று தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியானபிறகு, ஆகஸ்டு 20இல் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நின்று ஏற்ற வைத்தார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியருக்கும் கடிதம் எழுதினார், ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. நல்ல கடிதம். சுதந்திரம் வந்து 75 வருஷம் முடிந்த மாதத்தில் அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதை யோசியுங்கள். ஒரு கயிற்றை இழுப்பதற்குப் போலீஸ் காவல்.

நம் ஆட்களிடமும் இரண்டு வார்த்தை பேசணும். 'என்.சி.சி.யே ஆளும் வர்க்கத்தின் ஏற்பாடு, நம் பிள்ளைகள் அதில் எதற்கு?' என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் பூரி கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த பூட்ஸ் வேணும், அந்த சர்டிபிகேட் வேணும், துப்பாக்கியைப் பிரித்து மாட்டத் தெரியணும். வெளியே வா என்று சொல்லாதீர்கள். உள்ளே போனவனை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். டீ கொடுக்கிறவன் யார், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் யார், கொடிக் கயிற்றைத் தலைமை விருந்தினர் கையில் எடுத்துக் கொடுக்கிறவன் யார் என்று ஒரு வருஷம் எழுதி வைத்துப் பாருங்கள்.

பறையை எரி என்பவர்களுக்கும் மேடையில் ஏற்று என்பவர்களுக்கும் நமக்குள்ளே சண்டை ஓயவில்லை. இழிவின் அடையாளம் என்கிறவர் ஒரு பக்கம், விடுதலையின் ஆயுதம் என்கிறவர் ஒரு பக்கம். இரண்டு கூட்டத்திலும் நான் பேசியிருக்கிறேன். தோலும் கட்டையும் ஒரு பாவமும் அறியாதவை. அடி என்று சொல்ல ஒருத்தன் இருக்கிறானா, மாட்டேன் என்று சொன்னால் மறுநாள் கடையில் அரிசி கிடைக்குமா என்பதைப் பார்க்காமல், பறை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லுவது எனக்குப் பிடிபடவில்லை.

என் அக்கா மகள் இப்போது என்.சி.சி.யில் இருக்கிறாள். வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். பரேடுக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்திருந்தாள். எந்த வரிசையில் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"வரிசை இல்ல மாமா. பெரிய டிரம்மு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எவன் கொடுத்தான், நாளைக்கே வருகிறேன் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுந்தேவிட்டேன். அவள் மிரண்டுபோய்ப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்த அப்பா கையை ஊன்றி எழுந்தார். கல் உடைத்த தூசி நெஞ்சில் இருக்கிறது, பேச மூச்சு வாங்கும்.

"கேட்டு வாங்குனியா, குடுத்தாங்களா?"

"கேட்டேன் தாத்தா. மூணு பேரு கேட்டோம். அடிச்சுக் காட்டச் சொன்னாங்க. எனக்குத்தான் தாளம் பிசகல."

அப்பா என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். பிறகு அவளைக் கிட்டே கூப்பிட்டு, தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். "இந்த எடத்துல துணிய மடிச்சு வச்சுக்க. வாரு அறுக்கும்."